உப்பளத்துச் செந்நீர்

பிரெஞ்சு அரசு, ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாயும், 300 பெட்டி அபினியை விலைக்கு வாங்கும் உரிமையும் பெற்றுக்கொண்டு, புதுச்சேரி உள்ளிட்ட தன் இந்தியப் பகுதிகளில் உள்ளூர்த் தேவைக்குப் போக எஞ்சிய உப்பை ஆங்கிலேயருக்கே விற்க 1815-இல் இசைந்தபோது, உப்பு வெறும் வருவாய்ப் பொருளாகவே எண்ணப்பட்டது. அதன் பாத்திகளில் வாழும் உயிர்களைப் பற்றி எந்த உடன்படிக்கை கவலைப்படும்? புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தில் இன்றும் நடைபெறும் உப்புத் தொழிலில், கடல்நீர் சுண்டி உப்பு படியும் தறுவாயில் பாத்திகள் செம்மை தட்டுவதுண்டு. டுனாலியெல்லா என்னும் நுண்பாசியும், மிகை உப்பில் மட்டுமே செழிக்கும் ஹாலோபாக்டீரியங்களும் சேர்த்துவைக்கும் கரோட்டினாய்டுகள், அதாவது கேரட்டுக்கு நிறம் தரும் வகை நிறமிகள், இதற்குக் காரணமாகும். நிழலற்ற பாத்தியில் இந்நிறமிகள் கடும் வெயிலின் சிதைவைத் தணிக்க, புற ஊதாக் கதிரால் பழுதுற்ற மரபணு இழையை ஹாலோபாக்டீரியங்களின் ஃபோட்டோலையேஸ் என்னும் நொதி, அதே வெயிலின் நீல ஒளியைக் கொண்டே செப்பனிடுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலம் மெலிந்துவருவது 1985-இல் வெளிப்பட்ட அண்டார்க்டிகாவின் கடலிலும் நுண்ணுயிர்கள் இந்நொதியை நம்பியிருக்கின்றன. எனினும் அங்குள்ள மிதவைப் பாசிகள் பல, நிறமற்ற மைக்கோஸ்போரின் வகைச் சேர்மங்களையே கதிர்களை உறிஞ்சும் திரையாக்கிக்கொள்கின்றன; அத்திரை நீரைச் சிவக்கச் செய்வதில்லை.