ஆறு இல்லாத ஊரின் தண்ணீர் வரலாறு

நான் பத்தாவது வரை படித்தவள். மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த தண்ணீரின் வரலாற்றை எழுதுகிறேன்.

ஆற்றங்கரையில்தான் ஊர் உண்டாகும் என்று பள்ளியில் படித்தோம். நம்ம சிறுசேரியில் ஆறு ஓடவில்லை. வடக்கே அடையாறு, தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேரும் பாலாறு. நடுவில் இருக்கிற நமக்கு ஏரிகள்தான் ஆறு. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்! ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணி போகும். கடைசியில் கிழக்கே பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேரும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணியும் ஒக்கியம் மடுவு வழியாக இதே கால்வாய்க்குத்தான் வருது.

அந்தக் கால்வாய் 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கியது. 1877-78-ல், தாது வருஷப் பஞ்சத்தில், கூழுக்கும் கூலிக்கும் தவித்த ஜனங்கள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதியை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். மண் சுமந்த பெண்களின் பெயர் எங்கேயும் இல்லை. விறகும் உப்பும் ஏற்றிய படகுகளைச் சின்னப் பிள்ளையில் பார்த்ததாக என் மாமியார் சொல்வார்.

வெயில் காலத்தில் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைக்கும். மழை வெள்ளம் வந்து அதை உடைக்கும். உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்கிற இடத்தில் இறாலும் நண்டும் பெருகும். அதை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ!

இனி என் வீட்டு வரலாறு. 2011-ல் மாட்டுக் கொட்டகைக்காக, வீட்டுக்குப் பின்னால் இருந்த வரத்துக் கால்வாயை நாங்களே மண் கொட்டி மூடினோம். "வேணாம்மா, தண்ணி வந்த வழியை மறக்காது" என்றார் மாமியார். நான்தான் கேட்கவில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்து, அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நமக்குத்தான் ஆறு இல்லையே என்று இருந்தேன். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணி. கன்றுக்குட்டி போய்விட்டது. குழுவின் சேமிப்பு நோட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றேன்.

தண்ணி வடிந்ததும் குழுவில் உண்மையைச் சொன்னேன். யாரும் ஏசவில்லை. உள்கடன் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். கொட்டகையைப் பிரித்துக் கால்வாயைத் திரும்பத் தோண்டினோம். பிறகு மழைக்கு வீட்டில் தண்ணி ஏறவில்லை.

சகோதரிகளே, வரவு செலவு எழுதுகிற நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் தெருத் தண்ணி எந்த வழியாக எந்த ஏரிக்குப் போகிறது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்கணும்.