ஃபிளாஷ் போச்சு, பட்டனுக்குப் பேர் வந்துச்சா?

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன்ல பீச் டிரெயினுக்கு நின்னுட்டிருந்தப்ப சேலையூர் அண்ணன் ஒருத்தர் போன் பண்ணார். பார்வையில்லாதவர், ஸ்க்ரீன் ரீடர் வெச்சு வேலை பாக்குற டெஸ்டர். "தம்பி, ஆபீஸ் டிரெய்னிங் இந்த வருஷமும் மூணாவது ஸ்லைட்ல நின்னுடுச்சு"ன்னார். அந்த ஸ்லைடோட பூர்வீகம்தான் இன்னைக்குக் கதை.

2008 டிசம்பர்ல டபிள்யூ3சி அமைப்பு டபிள்யூசிஏஜி 2.0 வெளியிட்டுச்சு. அது எந்தத் தொழில்நுட்பத்தையும் கட்டிக்கிட்டு அழல. கீபோர்ட் மட்டும் வெச்சு இயக்க முடியணும், படத்துக்கும் பட்டனுக்கும் எழுத்துல பேர் இருக்கணும், இப்படித்தான் கேட்டுச்சு. எப்படிச் செய்யறதுன்னு தனியா ஒரு செய்முறைத் தொகுப்பு. அதுல ஃபிளாஷ் சேர்ந்தது 2010ல. ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன்ல ஃபிளாஷ் ஏன் வேண்டாம்னு பகிரங்கமா எழுதினதும் அதே வருஷம்! சில்வர்லைட் 2012ல வந்துச்சு.

ஃபிளாஷை ஒரேயடியா திட்டவும் முடியாது. யூனிகோட் பரவாத காலத்துல தமிழ் படிக்க ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஃபான்ட் இறக்கணும். 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப்னு தரம் கொண்டுவந்தும் குழப்பம் தீரல. ஃபிளாஷ்ல ஃபான்ட்டை உள்ளேயே வெச்சு அனுப்பிடலாம், எழுத்து உடையாது. கண்ணுக்குத் தமிழ். ஆனா பழைய ஃபான்ட்ல அடிச்சிருந்தா கம்ப்யூட்டருக்கு அது ஐரோப்பிய எழுத்து, ஸ்க்ரீன் ரீடருக்கு வெறும் உளறல். இன்னொரு வில்லன், 'டபிள்யூமோட்'னு ஒரு செட்டிங். மெனு ஃபிளாஷுக்கு மேல விழணும்னு அதை 'டிரான்ஸ்பரன்ட்'னு மாத்துவாங்க. அவ்ளோதான், உள்ளே எவ்வளவு ஒழுங்கா பேர் வெச்சிருந்தாலும் ஸ்க்ரீன் ரீடருக்கு எதுவுமே தெரியாது.

2017 ஜூலையில அடோபி மூடுவிழா தேதி சொல்லுச்சு: 2020 டிசம்பர் 31. சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபர். டபிள்யூ3சி அந்தச் செய்முறைப் பக்கங்கள் தலையில ஒரு குறிப்பு போட்டுச்சு: இதுக்கு ஆதரவு நிக்குது, ஹெச்டிஎம்எல்லுக்குப் போங்க. நியாயமான குறிப்புதான். செத்த தொழில்நுட்பத்துக்கு வைத்தியம் சொல்லிட்டிருக்க முடியாது. ஆனா எங்கள மாதிரி ஆளுங்க அதுல 'ஹெச்டிஎம்எல்'ங்கற ஒரு வார்த்தைய மட்டும்தான் படிச்சோம்.

நான் ஃப்ரெஷரா இருந்தப்ப குடுத்த முதல் வேலையே பழைய ஃபிளாஷ் பாடங்களை மாத்தறதுதான். ஒவ்வொரு ஸ்லைடையும் படமா எடுத்து ஒட்டினேன். 'டிவ்'வை பட்டன் மாதிரி வரைஞ்சு கிளிக் மட்டும் வெச்சேன். டேப் கீ அடிச்சா அதுமேல போய் நிக்கவே நிக்காது. டெஸ்ட்டிங் பாஸ், டீமுக்குப் பாராட்டு மெயில் வேற. ஃபிளாஷ்ல கேக்காதது ஹெச்டிஎம்எல்லயும் கேக்கல.

அண்ணனோட மூணாவது ஸ்லைட்ல இப்ப பெட்டிய மவுஸால இழுத்து விடணுமாம். கீபோர்ட் வழியே இல்ல. 2008 விதிப்படியே அது தப்பு, அதுவும் அடிப்படை நிலையான 'ஏ'லயே. நாளைக்குச் சாயங்காலம் சேலையூர் டீக்கடைக்கு லேப்டாப்போட வரார். பெட்டிய நான் இழுத்து விடறேன், கம்ப்ளைன்ட் டிக்கெட்டை அவர் டைப் பண்றார்.