மழை பெய்தும் காய்ந்த நிலம்

வறட்சின்னா மழை இல்லை என்பதுதான் பொது நினைப்பு. புர்க்கினா ஃபாசோவின் யாட்டெங்கா பகுதியைப் பற்றிப் படித்தபோது அது பாதிக் கதைதான் என்று எனக்குப் புரிந்தது.

1970களிலும் 80களிலும் அங்கே மழை குறைந்தது. பெய்த மழையும் மண்ணுக்குள் சரியாக இறங்கவில்லை. மரமும் புல்லும் போன வெறும் மண்ணில் மழைத்துளி மோதும்போது நுண்துகள்கள் சிதறி, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். காய்ந்ததும் மேற்பரப்பு ஓடு மாதிரி இறுகிவிடும். அடுத்த மழை அதன்மேல் வழிந்தோடிவிடும். இப்படிப்பட்ட தரிசுக்கு மோசி மக்கள் வைத்த பெயர் 'ஸிப்பெலே'.

யாக்கூபா சவடோகோ என்ற விவசாயி 1980 வாக்கில் 'ஸாய்' என்ற பழைய குழிமுறையைக் கொஞ்சம் மாற்றிக் கையிலெடுத்தார். மழைக்கு முன்பே, ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்குக் குழி வெட்டி எரு போடணும். எருவுக்குக் கறையான் வரும். அது குடைகிற வளைகள் வழியே தண்ணீர் கீழே இறங்கும். முதலில் அவரைப் பைத்தியம் என்றார்கள். பிறகு அந்தத் தரிசிலேயே சோளமும் கம்பும் விளைந்தன, மரங்களும் வளர்ந்தன.

மழையளவை மட்டும் வைத்து வறட்சியின் வரலாற்றை எழுத முடியாது. பெய்ததில் எவ்வளவு மண்ணுக்குள் போச்சு என்றும் கேட்கணும்.