இளநீர், புகையிலை, வாழைக்குட்டி

எங்கட முற்றத்துத் தென்னைக்கு இழைய வளர்ப்பின் வரலாற்றில ஒரு பங்கு இருக்கு எண்டது கனபேருக்குத் தெரியாது. 1941இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளங்கருக்களைப் போத்தலுக்குள் வளர்க்கத் தேங்காய்நீர் சேர்த்தார்கள். 1948இல் கப்ளினும் ஸ்டூவர்ட்டும் அதே நீரால் கரட் துண்டுகளை மளமளவென வளர்த்துக் காட்டினார்கள்.

அந்த நீருக்குள்ள என்னதான் இருக்கு? கலப்பிரிவைத் தூண்டும் பொருளைத் தேடிய ஸ்கூக், மில்லர் குழுவினர் 1955இல் கைனற்றினைக் கண்டுபிடித்தார்கள். அது கிடைத்ததோ மீன் விந்தின் பழைய டி.என்.ஏ.யிலிருந்து! அதே சைற்றோகைனின் குடும்பத்துப் பொருட்கள் தேங்காய்நீரிலும் இருப்பது பிறகு தெரியவந்தது. 1957இல் இருவரும் புகையிலை இழையத்தை வைத்து ஒரு விதியைச் சொன்னார்கள்: ஒட்சின் கூடினால் வேர் வரும், சைற்றோகைனின் கூடினால் குருத்து வரும்.

ஆனால் இழையம் எப்பவும் ஓமோனை எதிர்பார்த்தே இருக்கிறதில்லை. திரும்பத் திரும்பப் பிரித்து வளர்த்த இழையம் சிலவேளை ஒட்சின் இல்லாமலே வளரத் தொடங்குவதை 1940களிலேயே பிரான்சின் கோத்தறே கவனித்தார். இதைப் 'பழக்கப்படுதல்' எண்டு சொல்லலாம். பின்னர் மைன்ஸ் என்பவர் புகையிலைத் தண்டின் இழையத்துக்குக் கைனற்றின் கொடுத்தே, கைனற்றின் தேவைப்படாத நிலைக்கு அதைக் கொண்டுவர முடியும் எண்டு காட்டினார். அப்படிப்பட்ட கலங்களிலிருந்து முழுச் செடியை வளர்த்து, அதன் இழையத்தை எடுத்தால், அது திரும்பவும் ஓமோன் கேட்டது. அதாவது மரபணு எழுத்து மாறவில்லை. அதை வாசிக்கிற விதம்தான் மாறியிருந்தது.

இது வெறும் ஆய்வுகூடக் கதை இல்லை. வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்போன நீர்வேலியில் ஒரு குட்டியைப் பிரித்து நடுகிறவருக்குத் தாய்மரம் கண்ணுக்கு முன்னால நிற்கும். போத்தலில் வளர்ந்த கன்றை வாங்குகிறவருக்கு அது தெரியாது. சைற்றோகைனின் கொடுத்துக் குருத்துகளை அளவுக்கு மீறிப் பலமுறை பிரித்தால், குள்ளமான, தாயைப் போலில்லாத கன்றுகள் கூடும். இது பழக்கப்படுதல் அல்ல, வேறொரு மாற்றம். ஆனாலும் பாடம் ஒன்றுதான்: போத்தலுக்குள் நடந்தது சிலவேளை தோட்டம்வரை வரும். நோயில்லாத கன்று கிடைப்பது நல்லதுதான், வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. கன்று வாங்கேக்க விலையோட இன்னொன்றையும் கேட்போம்: "இதை எத்தினை தரம் பிரிச்சனீங்கள்?"