சந்தேகக் கேஸும் சவுண்டு பெட்டியும்: ‘பாபிலோன்’ படத்தை முன்வைத்து

1980 மே மாதம் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் ‘பாபிலோன்’ என்றொரு ஆங்கிலப் படம் திரையிடப்பட்டது. தெற்கு லண்டனின் டெப்ட்ஃபோர்ட், பிரிக்ஸ்டன் பகுதிகளில் வாழும் கறுப்பின இளைஞர்களையும் அவர்களது ரெகே இசையையும் பற்றிய படம். இயக்கியவர் ஃப்ராங்கோ ரோஸ்ஸோ. அந்த ஆண்டின் கடைசியில் இங்கிலாந்தில் வெளியானது. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அது போய்ச் சேர்ந்ததோ 2019 மார்ச்சில்தான். ரெகே ரசிகர்கள் மட்டும் இந்தப் படத்தின் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்கள். இப்போது படச்சுருளைச் சீரமைத்து ப்ளூ-ரே வட்டாகவும் கொண்டுவந்துவிட்டார்கள். நான் பார்த்தது அந்த வட்டைத்தான்.

பழைய படத்தைத் தூசிதட்டி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் நிறம் எப்படி வந்திருக்கிறது, ஒலி எப்படி வந்திருக்கிறது என்றுதான் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் ஒரு படம் 39 வருசம் ஒரு நாட்டுக்குள் நுழைய முடியாமல் கிடந்தது என்றால், பூட்டினவன் யார், எதுக்காகப் பூட்டினான் என்று கேட்பது நம்ம வேலை.

ரோஸ்ஸோவும் மார்ட்டின் ஸ்டெல்மனும் இந்தக் கதையை முதலில் எழுதியது பிபிசி தொலைக்காட்சியின் நாடக வரிசைக்காக. பிபிசி பின்வாங்கிவிட்டது. பிறகு தேசியத் திரைப்பட நிதிக் கழகத்தின் உதவியோடு, சுமார் 3 லட்சம் பவுண்டு செலவில், ஆறே வாரத்தில் எடுத்து முடித்தார்கள். இங்கிலாந்துத் தணிக்கைக் குழு ‘எக்ஸ்’ சான்றிதழ் கொடுத்தது. 18 வயசு நிரம்பாதவன் கொட்டகைக்குள் போக முடியாது. தெருவில் போலீசிடம் அடிவாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அந்த வயசு ஆகியிருக்கவில்லை. அடி வாங்கலாம், ஆனால் அதைத் திரையில் பார்க்கக் கூடாது. சான்றிதழின் அர்த்தம் அதுதான். நியூயார்க் திரைப்பட விழா இதை ஏற்க மறுத்தது. இனப் பதற்றத்தைத் தூண்டிவிடும் என்று காரணம் சொன்னதாக அப்போதே இசை விமர்சகர் விவியன் கோல்ட்மன் எழுதினார். பதற்றம் ஏற்கனவே தெருவில் இருக்கிறது, அதைப் படம் பிடித்தவன் தூண்டியவன் ஆகிவிடுகிறான். இந்த நியாயம் நமக்குப் புதுசு இல்லை.

படத்தின் வேர் ஒரு நீதிமன்ற வழக்கில் இருக்கிறது. 1974இல் வடமேற்கு லண்டனில், கிரிக்கிள்வுட் பகுதியின் கரிப் கிளப்பில் ஆட்டம் பாட்டம் நடந்துகொண்டிருந்தபோது போலீஸ் உள்ளே நுழைந்தது. கைகலப்பு ஆனது. அன்று சவுண்டு பெட்டிகளை வைத்து இசை நடத்தியவர்களில் ஒருவர் பார்படோஸில் பிறந்து லண்டனில் வளர்ந்த டென்னிஸ் போவெல். மைக்கில் பேசிக் கூட்டத்தைத் தூண்டிவிட்டார் என்று அவர்மேல் வழக்கு. மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆறு மாதம் உள்ளே இருந்தார். மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். அந்த ஆறு மாதத்தை யாரும் திருப்பித் தரவில்லை. இந்த போவெல்தான் ‘பாபிலோன்’ படத்துக்கு இசையமைத்தவர்.

மைக் பிடித்தவன்மேல் ஏன் இவ்வளவு கோபம்? இதற்கு சவுண்டு சிஸ்டம் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். 1948 ஜூனில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் நூற்றுக்கணக்கான கரீபிய மக்களை டில்பரி துறைமுகத்தில் இறக்கியது. போரில் நொறுங்கிய இங்கிலாந்துக்கு ஆள் தேவைப்பட்டது. பஸ் ஓட்ட, ரயில் நிலையம் கூட்ட, ஆஸ்பத்திரியில் மலம் அள்ள ஆள் வேண்டும். ஆனால் வாடகைக்கு வீடு கிடையாது, கிளப்புக்குள் அனுமதி கிடையாது. உழைப்பு வேணும், உழைக்கிறவன் பக்கத்தில் உட்காரக் கூடாது. எனவே அவர்கள் தங்கள் வீட்டு நிலவறைகளிலேயே சனிக்கிழமை ராத்திரிகளில் கூடினார்கள். கிங்ஸ்டன் தெருக்களில் பழகிய வழக்கத்தை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். மரப்பலகை வாங்கி, தச்சுவேலை செய்து, ஆள் உயரத்துக்குப் பெட்டி கட்டி, ஆம்ப்ளிஃபையரைத் தாங்களே கோர்த்து, ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய் அடுக்கினார்கள். பேஸ் ஒலி காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும்.

அதில் போடுகிற இசைத்தட்டுக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, தாளத்தையும் பேஸையும் மட்டும் விட்டு, எதிரொலி சேர்த்துச் செய்வது ‘டப்’. குரல் போன இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் மைக் பிடித்தவன் தன் பேச்சை வைப்பான். அன்று காலை யாரைப் போலீஸ் பிடித்தது, யாருக்கு வேலை போனது எல்லாம் அதில் வரும். பத்திரிகையில் இடமில்லாதவர்களுக்கு அதுதான் பத்திரிகை. அரசாங்கத்துக்கு எரிச்சல் சத்தத்தால் வரவில்லை, சேதியால் வந்தது.

பெயருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பைபிளில் யூதர்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன ராச்சியம் பாபிலோன். ஜமைக்காவின் ராஸ்தஃபாரி மக்கள் அந்தச் சொல்லை எடுத்து, தங்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோன வெள்ளை அதிகாரத்துக்கு வைத்தார்கள். பேச்சுவழக்கில் போலீசுக்கும் அதுதான் பெயர். எசமான் கொடுத்த வேதத்தையே எடுத்து எசமானுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1824இல் இங்கிலாந்தில் நாடோடிகள் சட்டம் ஒன்று வந்தது. நெப்போலியன் போர் முடிந்து வேலையின்றி அலைந்த சிப்பாய்களையும் நிலமற்ற ஏழைகளையும் தெருவிலிருந்து விரட்டுவதற்கான சட்டம். அதன் நாலாவது பிரிவுப்படி, குற்றம் செய்யும் நோக்கத்தோடு திரிகிறான் என்று சந்தேகப்பட்டாலே கைது செய்யலாம். பொருள் தொலைந்திருக்க வேண்டியதில்லை, தொலைத்தவர் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் சொன்னால் போதும். 1970களில் இந்தச் சட்டம் லண்டனின் கறுப்பினப் பிள்ளைகள்மேல் பாய்ந்தது. ஆங்கிலத்தில் சுருக்கமாக ‘சஸ்’ என்பார்கள். நம்ம டீக்கடைப் பேச்சில் சொன்னால், சந்தேகக் கேஸ். பிறப்பை வைத்தே ஒருவனைக் குற்றவாளியாகப் பார்க்கும் குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1871இல் இந்தியாவில் போட்டதும் இதே பேரரசுதான். சொந்த நாட்டு ஏழைக்கு ஒன்று, காலனி நாட்டுக்காரனுக்கு ஒன்று என்று எழுதியவர்கள், காலனிக்காரன் தங்கள் தெருவுக்கே வந்தபோது 150 வருசத்துப் பழசைத் தூசிதட்டி எடுத்தார்கள்.

படத்தின் நாயகன் ப்ளூ. ‘அஸ்வாத்’ இசைக்குழுவின் பிரின்ஸ்லி ஃபோர்ட் நடித்திருக்கிறார். பகலில் கார் மெக்கானிக். ராத்திரியில் ‘இட்டல் லயன்’ சவுண்டு சிஸ்டத்தில் மைக் பிடிப்பவன். ஜா ஷாகாவின் சவுண்டு சிஸ்டத்தோடு ஒரு போட்டி வரப்போகிறது. ஷாகா தானாகவே படத்தில் வருகிறார். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தச் சில நாட்களில் ப்ளூவிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுவது. முதலாளி வேலையைவிட்டுத் துரத்துகிறான். ராத்திரியில் தெருவில் நடந்துபோகும்போது காரில் சாதாரண உடையில் வந்தவர்கள் துரத்துகிறார்கள். யாரென்று தெரியாமல் ஓடுகிறான். பிடிபட்டு அடிவாங்குகிறபோதுதான் போலீஸ் என்று தெரிகிறது. ஓடினதே குற்றம் ஆகிவிடுகிறது.

இன்னொரு காட்சி. இளைஞர்கள் பெட்டிகளை வைத்துப் பாட்டுப் போடும் கொட்டடிக்கு வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து கத்துகிறாள். நீங்கள் வருவதற்கு முன் இந்த இடம் அழகாக இருந்தது, உங்க நாட்டுக்கே போங்க என்கிறாள். பீஃபி என்ற இளைஞன் வெடித்துவிடுகிறான். இது என் நாடுதான், எனக்கு இது ஒருநாளும் அழகாக இருந்ததில்லை என்பது அவன் பதில். அவளும் ஏழைதான். அதே இடிந்த தெருவில் வாழ்கிறவள்தான். அவளுக்குக் கிடைத்திருக்கிற ஒரே சொத்து தன் தோல். அதைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். படம் அவளை ராட்சசியாக்கவில்லை. இதைச் சொல்லும் நிதானம் ரோஸ்ஸோவுக்கு இருக்கிறது.

பிறகு ஒருநாள் கொட்டடிக்குள் புகுந்து பெட்டிகளை எல்லாம் அடித்து நொறுக்கிவிடுகிறார்கள். தச்சுவேலை செய்து, காசு சேர்த்து, கம்பி கோர்த்துக் கட்டியது அத்தனையும் போச்சு. அந்த ஆத்திரம் முதலில் பாய்வது கூட இருந்த வெள்ளைக்கார நண்பன் ரான்னிமேல். ரான்னி நல்லவன்தான். ஆனால் அடி விழுகிற அன்றைக்கு நட்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்ற கேள்வியைப் படம் பூசி மெழுகாமல் வைத்துவிடுகிறது. கடைசியில் ப்ளூ பக்கத்துவீட்டு வெள்ளையன் ஒருவனைக் குத்திவிடுகிறான். அதை வீரமாகவும் காட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

ஒளிப்பதிவு கிறிஸ் மெங்கஸ். பின்னாளில் இரண்டு ஆஸ்கர் விருது வாங்கியவர். ஈரத் தெரு, புகை, மஞ்சள் விளக்கு, இருட்டில் அசையும் தலைகள் எல்லாம் சீரமைத்த பிரதியில் சரியாக இருக்கின்றன. சுத்தம் செய்கிறோம் என்று அழுக்கைத் துடைத்துவிடவில்லை. ஜமைக்கா மக்களின் பேச்சுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் கீழே ஓடுகின்றன. இங்கிலீஷ் படத்துக்கே இங்கிலீஷ் சப்டைட்டில்! சிலருக்கு இது வேடிக்கை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருடைய பேச்சு மொழி, யாருடையது கொச்சை என்று தீர்மானிக்கிற அதிகாரம் திரையின் அடியிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த எழுத்து இல்லாவிட்டால் நமக்குப் படம் விளங்காது என்பதும் உண்மை.

எழுதியவர்கள் இருவரும் வெள்ளையர்கள். இது சின்ன விஷயமில்லை. ரோஸ்ஸோ இத்தாலியின் டூரினில் பிறந்து குடியேறியவர். கவிஞர் லிண்டன் க்வேஸி ஜான்சனைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர். இந்த மக்களோடு நெடுநாள் புழங்கியவர். அந்தப் புழக்கம் படத்தில் தெரிகிறது. ஆனாலும் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். ட்ரினிடாடில் பிறந்த ஹோரஸ் ஓவே ‘பிரஷர்’ என்ற படத்தை இதற்கு முன்பே எடுத்துவிட்டார். கறுப்பின இயக்குநர் ஒருவர் பிரிட்டனில் எடுத்த முதல் முழுநீளப் படம் அது. போலீஸ் அடாவடியைக் காட்டியதால் அதையும் ஆண்டுக்கணக்கில் வெளியிடாமல் வைத்திருந்தார்கள். அது சீரமைக்கப்பட்டு மறுபடி வெளிவந்தது 2023இல். முன்னால் பேசியவனுடைய படம் பின்னால் வருகிறது. வரிசை அப்படித்தான் போடப்படுகிறது.

பெண்களுக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. தாயாக ஒருத்தி, காதலியாக ஒருத்தி, அவ்வளவுதான். இது கலைக் குறை மட்டுமல்ல, வரலாற்றுப் பிழை. படம் நடக்கும் டெப்ட்ஃபோர்ட் அடங்கிய லூயிஷம் வட்டாரத்தில்தான் மேவிஸ் பெஸ்ட் என்ற பெண்மணியும் மற்றத் தாய்மார்களும் சந்தேகச் சட்டத்தை ஒழிக்கக் கோரி இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் நின்று பிள்ளைகளை மீட்டுவந்தார்கள். கேமரா அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறது, ஆனால் அவர்களைப் பார்க்கவில்லை. 1981இல் கறுப்பின இயக்குநர் மெனலிக் ஷபாஸ் ‘பர்னிங் அன் இல்யூஷன்’ படத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணை நடுவில் வைத்துக் கதை சொன்னார். ‘பாபிலோன்’ பார்க்கிறவர்கள் அதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

படம் வெளியான சில வாரங்களில் வரலாறு அதைத் தாண்டிப் போய்விட்டது. 1981 ஜனவரி 18 அதிகாலை, டெப்ட்ஃபோர்டை ஒட்டிய நியூ கிராஸில், பிறந்தநாள் கொண்டாட்டம் நடந்த வீட்டில் தீப்பிடித்து 13 கறுப்பின இளைஞர்கள் செத்துப்போனார்கள். இரண்டு முறை மரண விசாரணை நடந்தது, இரண்டு முறையும் முடிவு சொல்லப்படவில்லை. மார்ச் 2ஆம் தேதி சுமார் 20,000 பேர் லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். 1978இல் மார்கரெட் தாட்சர், அந்நியப் பண்பாட்டுக்காரர்கள் தங்களை மூழ்கடித்துவிடுவார்களோ என்று மக்கள் பயப்படுவதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் போலீஸ் நடத்திய வேட்டைக்கு அதே பொருள்பட ‘ஸ்வாம்ப் 81’ என்று பெயர். சில நாட்களுக்குள் 943 தடவை ஆட்களை மறித்துச் சோதித்தார்கள், 118 பேரைக் கைது செய்தார்கள். பிரிக்ஸ்டன் எரிந்தது. அந்த ஆண்டே சந்தேகச் சட்டம் ரத்தானது. தானாக ரத்தாகவில்லை, தாய்மார்கள் கேட்டார்கள், பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், அதன் பிறகு ரத்தானது.

இந்தப் போராட்டங்களைக் கூடவே இருந்து எழுதியவர்களில் ஒரு தமிழரும் உண்டு. அ. சிவானந்தன். 1958 வன்முறைக்குப் பின் இலங்கையைவிட்டு லண்டன் போனவர். அவர் போன நேரத்தில் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களை வேட்டையாடிக்கொண்டிருந்தன. இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநராக இருந்து, கறுப்பு என்பதைத் தோலின் நிறமாக அல்ல, அரசியலின் நிறமாகப் பார்க்கச் சொன்னார். ஆப்பிரிக்க வழியினரும் ஆசியரும் அந்த ஒரே பெயருக்குள் நின்று போராடிய காலம் அது.

படத்தின் கடைசியில் ப்ளூ மைக் பிடித்திருக்கிறான். கூட்டம் அவனோடு இருக்கிறது. வெளியே போலீஸ் கதவை உடைக்கிறது. உடைக்கிற சத்தமும் பேஸ் சத்தமும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கேட்கின்றன. அவர்கள் உள்ளே வருவதற்கு முன் படம் முடிந்துவிடுகிறது. 1974இல் கரிப் கிளப்பில் கதவு திறந்த பிறகு என்ன நடந்தது என்று போவெலுக்குத் தெரியும். நீதிமன்றப் பதிவில் அவர் குற்றவாளியாகி, பிறகு விடுதலையானவர். இந்தப் படத்தில்தான் அன்றைக்கு மைக்கில் பேசியவன் பேசி முடிக்கிறான்.