மேசை டாக்–ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்

மேசை டாக்–ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் என்பது கணினி, கைப்பேசி, சிடி பிளேயர் போன்றவற்றிலிருந்து வரும் டிஜிட்டல் ஒலித்தரவை மின் அலையாக மாற்றி, ஹெட்ஃபோனை இயக்கத் தேவையான வலுவையும் அதற்கு ஊட்டும் சிறு கருவி. இரண்டு வேலைகள் ஒரே பெட்டிக்குள் நடக்கின்றன. முதல் வேலையைச் செய்வது டிஜிட்டல்–அனலாக் மாற்றி, புழக்கத்தில் டாக். அடுத்ததைச் செய்வது ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப். பெரும்பாலும் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதாக, கணினித் திரையின் காலடியில் அடங்கிவிடும் அளவில் இவை வருகின்றன. இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்படி விற்பதும் உண்டு.

ஒலி எழுப்பும் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் டாக்கும் ஆம்ப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. உள்ளே இருக்கும் சுற்றில் இரைச்சல் கேட்டால், அதன் வலு ஹெட்ஃபோனுக்குப் போதாவிட்டால், அல்லது ஹெட்ஃபோன் செருகும் துளையே இல்லாவிட்டால்தான் தனிக் கருவிக்கு வேலை வருகிறது. ஆப்பிள் நிறுவனம் 2016இல் ஐபோன் 7இலிருந்து 3.5 மி.மீ. துளையை நீக்கிய பின், இந்தக் கடைசிக் காரணம் பலருக்கும் பொருந்தியது. இந்தக் குறைகளில் ஒன்றும் இல்லாதவர் புதுக் கருவி வாங்கினால் காதுக்குத் தெரியும் மாற்றம் எதையும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

ஹெட்ஃபோனின் தேவை

தேர்வு தொடங்க வேண்டிய இடம் ஹெட்ஃபோன். அதன் விவரத்தாளில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, ஓம் அலகில் தரப்படும் இம்பீடன்ஸ் (மின்எதிர்ப்பு). மற்றது உணர்திறன், அதாவது குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்பது. உணர்திறனைச் சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்கும், சில நிறுவனங்கள் 1 வோல்ட்டுக்கும் கணக்கிட்டுத் தருகின்றன. 32 ஓம் ஹெட்ஃபோனில் இந்த இரு கணக்குகளுக்கும் இடையே 15 டெசிபெல் வித்தியாசம் வரும். அலகைப் பார்க்காமல் இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகப் போய்விடும்.

300 ஓம் ஹெட்ஃபோனுக்குப் பெரிய ஆம்ப் வேண்டும், 50 ஓம் ஹெட்ஃபோனுக்கு வேண்டாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது பாதிதான் சரி. சென்ஹைசர் 1997இல் வெளியிட்ட எச்டி 600 ஹெட்ஃபோன் 300 ஓம் கொண்டது. 1 வோல்ட்டுக்கு 97 டெசிபெல் தருகிறது. இசையின் உச்சக் கணங்களில் 110 டெசிபெல் வரை போக இடம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இதற்குத் தேவை ஏறத்தாழ 4.5 வோல்ட், 15 மில்லிஆம்பியர். அதாவது 67 மில்லிவாட். தட்டைச் சவ்வில் மின்கடத்தியைப் பரப்பி, காந்தப்புலத்தில் அசையச் செய்து இயங்கும் பிளானர் வகையைச் சேர்ந்தது ஹைஃபைமேன் எச்இ-6. அதன் இம்பீடன்ஸ் 50 ஓம்தான். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல் மட்டுமே தரும். அதே 110 டெசிபெலை எட்ட இதற்கு 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர், சுமார் 450 மில்லிவாட் வேண்டும். மின்னழுத்தம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மின்னோட்டமோ ஆறு மடங்குக்கு மேல். பல சிறிய ஆம்ப்கள் எச்டி 600ஐ எளிதாக இயக்கிவிட்டு எச்இ-6இடம் திணறுவதற்குக் காரணம் இதுவே.

மறுமுனையில், ஆப்பிளின் யூஎஸ்பி-சி ஹெட்ஃபோன் அடாப்டர் விரல் நீளக் கம்பிக்குள் டாக்கையும் ஆம்ப்பையும் அடக்கியிருக்கிறது. அது தருவது அதிகபட்சம் 1 வோல்ட். ஐரோப்பாவில் விற்கப்படும் வடிவம் அதில் பாதி. எச்டி 600இல் 1 வோல்ட் என்பது 97 டெசிபெல். உச்சிவரை அழுத்திப் பதிவு செய்யப்படும் இன்றைய திரைப்பாடலுக்கு அது தாராளம். தம்புராவின் மெல்லொலியிலிருந்து தனி ஆவர்த்தனம் வரை ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவைத்த கச்சேரிப் பதிவுக்கோ, மேற்கத்திய சிம்ஃபனிக்கோ போதாமல் போகலாம். சாதாரண 32 ஓம் ஹெட்ஃபோனோ இயர்ஃபோனோ வைத்திருப்பவருக்கு அந்தச் சிறு கம்பியே போதுமானது. மேசைக் கருவி வாங்குமுன் அதை முயன்று பார்ப்பது நல்லது.

வலுவைக் குறிக்கும் எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் வாட் கணக்கு பெரும்பாலும் 16 அல்லது 32 ஓமுக்கானது. 32 ஓமில் 1 வாட் தரும் ஆம்ப், அதே மின்னழுத்தத்தில் 300 ஓமில் 107 மில்லிவாட்தான் தரும். எச்டி 600க்கு அதுவும் போதும். வலு இரட்டிப்பானால் ஒலி கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஆகவே 1 வாட் கருவிக்கும் 2 வாட் கருவிக்கும் கொடுக்கும் விலை வேறுபாடு பெரும்பாலானோருக்கு வீண்செலவு. அந்த எண் பேலன்ஸ்டு வெளியீட்டுக்கு உரியதா என்பதையும் பார்க்க வேண்டும். 4.4 மி.மீ. அல்லது நான்கு முனை எக்ஸ்எல்ஆர் துளை வழியாகத் தரப்படும் பேலன்ஸ்டு வெளியீட்டில், ஒவ்வொரு காதுக்கும் எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரண்டு ஆம்ப் சுற்றுகள் உண்டு. மின்னழுத்தம் இரு மடங்கு வரை, வலு நான்கு மடங்கு வரை உயரும். வழக்கமான 3.5, 6.35 மி.மீ. துளைகளில் அவ்வளவும் கிடைக்காது. (6.35 மி.மீ. ஜாக் 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில் பிறந்தது. இன்னும் ஓய்வு பெறவில்லை.) பேலன்ஸ்டு வழிக்கு அதற்கேற்ற கேபிள் வேண்டும், கேபிளைக் கழற்ற முடியாத, மூன்று கம்பி ஹெட்ஃபோனுக்கு அந்த வழி அடைபட்டது.

வெளியீட்டு இம்பீடன்ஸ்

விவரத்தாள்களில் பலமுறை விடுபடும் எண் ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ். ஒலியின் தன்மையையே மாற்றக்கூடியது என்பதால் இதை விசாரிக்காமல் வாங்கக் கூடாது. ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் அலகுகள்) கொண்ட ஓர் இயர்ஃபோன் ஓரிடத்தில் 8 ஓமும் வேறோரிடத்தில் 40 ஓமும் காட்டுவதாகக் கொள்வோம். ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால், இந்த இரு இடங்களுக்கும் இடையே ஒலியளவு 5 டெசிபெல் விலகும். தாழ்சுருதி வீங்கலாம், உச்சசுருதி மங்கலாம். இயர்ஃபோனை வடிவமைத்தவர் நினைத்த ஒலி அதுவாக இராது. ஆம்ப்பின் பக்கம் 1 ஓம் மட்டும் இருந்தால் விலகல் 0.8 டெசிபெலுக்குள் அடங்கிவிடும். வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 1 ஓமுக்குக் கீழே உள்ள கருவி எதற்கும் ஒத்துவரும். பிளானர் வகைகளின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய மாறாமல் நிற்பதால் அவற்றுக்கு இந்தக் கவலை குறைவு.

இந்த வரம்பைப் பரவலாக்கியதில் ஒரு புனைபெயருக்குப் பங்கு உண்டு. ‘என்.டபிள்யூ.ஏ.வி. கை’ என்ற பெயரில் எழுதிய பொறியாளர் ஒருவர் 2011இல் ஆப்ஜெக்டிவ்2 என்னும் ஹெட்ஃபோன் ஆம்ப்பின் சுற்றுப்படத்தையும் அளவீடுகளையும் யாரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். மலிவான, எளிதில் கிடைக்கும் பாகங்களாலேயே மிகத் துல்லியமான ஆம்ப்பைச் செய்ய முடியும் என்று அவர் எண்களால் காட்டினார். அடுத்த ஆண்டு ஒரு டாக்கும் வந்தது. 2012இலேயே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். யார் என்பது வெளியாகவே இல்லை. அவர் வடிவமைப்பைச் சிறு நிறுவனங்கள் தயாரித்து விற்றன. குறைந்த விலையில் அளவீட்டைக் காட்டி விற்கும் இன்றைய போக்குக்கு அந்தச் சிறு பெட்டி ஒரு முன்னோடி.

இரைச்சலும் ஒலிக் குமிழும்

உணர்திறன் மிகுந்த இயர்ஃபோனுக்கு வலு ஒரு பிரச்சினையே இல்லை. ஆம்ப்பின் சொந்த இரைச்சல்தான் பிரச்சினை. பாட்டு ஓடாதபோதும் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இத்தகைய இயர்ஃபோன் வைத்திருப்பவருக்கு ‘லோ கெய்ன்’ (குறைந்த பெருக்கம்) நிலை உள்ள, இரைச்சல் சில மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்கிய கருவி வேண்டும். ஒலிக் குமிழின் வகையையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த ஆம்ப்களில் இருப்பது இரட்டை பொட்டென்ஷியோமீட்டர். ஒரே தண்டில் கோத்த அந்த இரண்டு தடைகளும் குமிழின் அடிப்பகுதியில் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. குமிழை மெல்லத் திறக்கும்போது பாடகரின் குரல் முதலில் ஒரு காதில் மட்டும் எழுந்து, இன்னும் சற்றுத் திருப்பிய பிறகே நடுவுக்கு வரும். இரவில் குறைந்த ஒலியில் கேட்பவரை இது அன்றாடம் உறுத்தும். டிஜிட்டல் முறையிலோ ரிலே முறையிலோ ஒலியளவை மாற்றும் கருவிகளில் இக்குறை இல்லை.

டாக் பகுதி

1982இல் விற்பனைக்கு வந்த சிடி, நொடிக்கு 44,100 மாதிரிகளை, ஒவ்வொன்றையும் 16 பிட்டில் சேமிக்கிறது. நைக்விஸ்ட்–ஷானன் தேற்றத்தின்படி மாதிரி வீதத்தில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வெண்கள் அனைத்தையும் முழுமையாக மீட்டெடுக்கலாம். மனிதச் செவியின் மேல்எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். சிடி அதைத் தாண்டியே நிற்கிறது. 16 பிட் தரும் ஒலி வீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல். 24 பிட் கணக்கில் 144 டெசிபெல் வந்தாலும், மிகச் சிறந்த டாக் சிப்களே 120 முதல் 130 டெசிபெல் வரைதான் எட்டுகின்றன.

சிடி தரத்துக்கு மேலான வேறுபாடு காதுக்குக் கேட்குமா என்பது சோதிக்கப்பட்ட கேள்வி. மேயர், மொரான் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர வட்டின் ஒலியும் அதே ஒலி சிடி தரத்துக்குச் சுருக்கப்பட்ட வடிவமும் மாற்றி மாற்றி ஒலிக்கப்பட்டன. 554 முறை கேட்டதில் 276 விடைகள் சரி. நாணயம் சுண்டினாலும் கிடைக்கும் அளவு அது. ஜோஷுவா ரைஸ் 2016இல் 18 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது சரியான விடைகள் 52.3 விழுக்காடு. வேறுபாடு இருந்தாலும் அது மிகச் சிறியது. 192, 384, 768 கிலோஹெர்ட்ஸ் என்று ஏறிக்கொண்டே போகும் மாதிரி வீத எண்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க நியாயமில்லை.

சிப்பின் பெயரும் அப்படியே. ஜப்பானின் நோபெயோகாவில் இருந்த ஏகேஎம் நிறுவனத்தின் சிப் ஆலை 2020 அக்டோபரில் தீப்பிடித்துப் பல நாள்கள் எரிந்தது. சிப் தட்டுப்பாட்டில் பல தயாரிப்பாளர்கள் ஈஎஸ்எஸ், சிரஸ் லாஜிக் சிப்களுக்கு மாறினார்கள். ஏகேஎம் சிப்புடன் வந்த டாப்பிங் நிறுவனத்தின் டி90 டாக், ஈஎஸ்எஸ் சிப்புடன் டி90எஸ்ஈ ஆனது. இரண்டின் இரைச்சலும் திரிபும் செவியின் எல்லைக்கு வெகு கீழே. சிப்பைச் சுற்றியுள்ள மின்சுற்று, மின்வழங்கல், ஆம்ப் நிலை ஆகியவை ஒழுங்காக இருப்பதே முக்கியம். மின்தடை ஏணி கொண்டு மாற்றும் ஆர்2ஆர் டாக்குகளுக்கும் ரசிகர்கள் உண்டு. அவற்றில் 16 பிட் துல்லியத்துக்கே மேல்படித் தடை 65,536இல் ஒரு பங்கு பிசகாமல் இருக்க வேண்டும் என்பதால் விலை ஏறுகிறது, அளவீடு மேம்படுவதில்லை.

எம்க்யூஏ என்னும் ஒலிக்கோப்பு வடிவத்தின் முத்திரைக்காக இப்போது பணம் செலவிட வேண்டியதில்லை. அதன் நிறுவனம் 2023இல் நொடித்தது. அதைப் பயன்படுத்திவந்த டைடல் இசைச் சேவை 2024இல் ஃபிளாக் வடிவத்துக்கு மாறிவிட்டது. உண்மையில் பயன்படும் கூடுதல் வசதி, அதிர்வெண் வாரியாக ஒலியளவைத் திருத்தும் ஈக்வலைசர். ஜெர்மனியின் ஆர்எம்ஈ நிறுவனத்தின் ஏடிஐ-2 டாக்கில் அது உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளும் அதே வேலையைச் செய்யும்.

இணைப்பும் மின்சாரமும்

இன்றைய கருவிகள் பெரும்பாலும் அசின்க்ரனஸ் யூஎஸ்பி முறையில் இயங்குகின்றன. இதில் தரவு வரும் வேகத்தைக் கணினியின் கடிகாரமன்றி டாக்கின் கடிகாரமே தீர்மானிக்கிறது. 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செல்லும் யூஎஸ்பி ஆடியோ 2 தரத்துக்கு விண்டோஸ் 2017இல்தான் உள்ளமைந்த ஆதரவு தந்தது. பழைய விண்டோஸ் வைத்திருப்பவர் தயாரிப்பாளரின் டிரைவர் மென்பொருளை நிறுவ வேண்டும்.

மேசைக் கணினியில் மவுஸை நகர்த்தும்போதோ விளையாட்டு ஒன்றைத் திறக்கும்போதோ ஹெட்ஃபோனில் மெல்லிய கீச்சொலி கேட்பதுண்டு. கணினியும் ஆம்ப்பும் தனித்தனியே எர்த் ஆகி, யூஎஸ்பி கம்பி வழியாக ஒரு வளையம் உருவாவது இதற்கு ஒரு காரணம். டாஸ்லிங்க் ஒளியிழைக் கேபிள் வழியே மின்சாரம் பாயாது என்பதால், அந்த உள்ளீடு உள்ள கருவியில் இச்சத்தம் அறுபட்டுவிடும்.

யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் கருவிக்குச் சாதாரண யூஎஸ்பி 2.0 துளையில் கிடைப்பது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், மொத்தம் 2.5 வாட். மேசையில் கம்பிகள் குறையும், ஆனால் எச்இ-6 போன்றவற்றுக்கு அது பற்றாது. தனி அடாப்டர் கொண்ட அமெரிக்கக் கருவிகள் சிலவற்றுக்கு ஏசி மின்சாரத்தையே வெளியிடும் சிறப்பு அடாப்டர் வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட் மின்சாரம் என்பதால் அதற்குரிய அடாப்டருடன்தான் அவற்றை வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 115 வோல்ட் அடாப்டரை நேராகச் செருகக் கூடாது.

பயன்பாடு

இரண்டு கருவிகளை ஒப்பிடுகையில் ஒலியளவைச் சமமாக்காத ஒப்பீடு செல்லாது. சற்றே உரத்து ஒலிப்பது ‘நல்ல ஒலி’யாகத் தோன்றும். காதைக் காப்பது அதைவிட அவசியம். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலின்படி பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிறது. 90 டெசிபெலில் 4 மணி நேரம்தான். கைப்பேசியால் எட்ட முடியாத ஒலியளவை மேசை ஆம்ப் எளிதில் எட்டிவிடும். ஆகவே கெய்னை ‘லோ’வில் வைத்து, குமிழை முழுவதும் இறக்கிவிட்டு, பாட்டைத் தொடங்கிய பிறகே ஹெட்ஃபோனைத் தலையில் அணிந்து மெல்ல ஏற்ற வேண்டும்.