மறைந்த நடிகரின் சிரிப்பு யாருக்குச் சொந்தம்?

நகைச்சுவைப் படத்தின் நட்சத்திரம் படம் முடியுமுன்பே இறந்துவிட்டால் என்ன செய்வது என்பதைத் திரையுலகம் நெடுங்காலம் கைவேலைச் சிக்கலாகவே பார்த்துவந்தது. 1937 ஜூனில் 'சரட்டோகா' முடியும் தறுவாயில் ஜீன் ஹார்லோ இறந்தார். எம்.ஜி.எம். நிறுவனம் மேரி டீஸ் என்பவரை முகம் தெரியாதபடி நிற்கவைத்து, இன்னொருவரின் குரலைச் சேர்த்து, இரண்டு மாதத்துக்குள் படத்தை வெளியிட்டது. படமும் நன்றாக ஓடியது. ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் ஒட்டினால் போதும் என்ற நம்பிக்கை அசைந்தது 1982-ல் வெளியான 'ட்ரெயில் ஆஃப் தி பிங்க் பாந்தர்' படத்தால்தான். ஒட்ட முடியுமா என்ற கேள்வியை ஒட்டுவதற்கு யார் அனுமதி தர வேண்டும் என்ற கேள்வியாக அது மாற்றியது. தோல்விப்படம் என்று அதை ஒதுக்கிவிடுகிறவர்கள் இந்தத் திருப்பத்தைக் காணத் தவறுகிறார்கள்.

'பிங்க் பாந்தர்' வரிசையில் இன்ஸ்பெக்டர் க்ளூஸோவாக ஐந்து படங்களில் நடித்த பீட்டர் செல்லர்ஸ் 1980 ஜூலை 24 அன்று தம் 54-ஆம் வயதில் லண்டனில் காலமானார். இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் இல்லாமலேயே 'ரொமான்ஸ் ஆஃப் தி பிங்க் பாந்தர்' என்ற ஆறாவது படத்தை எடுக்க அவர் ஆயத்தமாகியிருந்தார். அது நின்றுபோனது. இருவருக்கும் ஒத்துப்போகாதது ஊரறிந்த செய்தி என்பதால் அடுத்து நடந்தது இன்னும் விநோதம்: யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்காக எட்வர்ட்ஸே திரும்பி வந்து, அந்த வரிசையில் 1976-ல் வெளியான படத்திலிருந்து வெட்டி ஒதுக்கப்பட்ட காட்சிகளையும் பழைய படங்களின் துண்டுகளையும் கோத்து 'ட்ரெயில்' என்ற 'புதிய' படத்தை உருவாக்கினார். உடல் முழுக்க மாவுக்கட்டுடன் க்ளூஸோ விமானக் கழிவறைக்குள் நுழையப் படும் பாடு அந்த மீட்பில் கிடைத்தது. தனித்துப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் பாதியில் க்ளூஸோவின் விமானம் காணாமல்போகிறது. மிச்சப் படம் முழுவதும் ஒரு தொலைக்காட்சி நிருபர் அவரைத் தெரிந்தவர்களைத் தேடிப் பேட்டி எடுக்கிறார். கதையின் ஓட்டை அப்படியே கதையாகிவிட்டது.

செல்லர்ஸின் சொத்துப் பொறுப்பாளர்கள் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். ஒவ்வொரு ஒப்பந்தமும் அந்தந்தப் படத்துக்கே என்பதும், வெட்டிய காட்சியை வேறு படத்தில் சேர்க்க நடிகரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்பதும் அவர்கள் வாதம். சட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கலைஞர்களின் நிகழ்ச்சிகளைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்வதைத் தடுக்க 1925-ல் தொடங்கி, 1958-ல் தொகுக்கப்பட்ட அந்தச் சட்டம் குற்றத்துக்குத் தண்டனை சொன்னதே தவிர, கலைஞருக்கு இழப்பீடு கேட்கும் உரிமையை வெளிப்படையாகத் தரவில்லை. அந்த உரிமையும் உண்டு, கலைஞர் இறந்த பின் சம்மதம் தரவேண்டியவர் அவருடைய பொறுப்பாளரே என்று நீதிமன்றம் தீர்மானித்து, பத்து லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கலைஞரின் உரிமைகளை நேரடியாகவே வகுத்த 1988-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டம் அதைத் தொடர்ந்து வந்தது.

க்ளூஸோவை உருவாக்கியதில் எட்வர்ட்ஸுக்கும் பங்கு உண்டு, படமும் செல்லர்ஸுக்கே காணிக்கையாக்கப்பட்டது, இதில் அநியாயம் எங்கே என்று கேட்கலாம். காணிக்கை மனப்பூர்வமானதாகவே இருக்கட்டும். நகைச்சுவையில் ஒரு காட்சியை வைத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும் நடிப்பின் பகுதியே. நடிகர் நடிக்காத படத்தில் அவர் பெயரை முதலில் போட்டு, கழித்த காட்சிகளைத் திரையேற்றும்போது அந்தத் தேர்வு நடிகரின் கையைவிட்டுப் போகிறது. 'சரட்டோகா' வெற்றிபெற்றதே என்பது இன்னொரு மறுப்பு. இது வலுவானது. ஆனால் அங்கே ஹார்லோவின் நடிப்பு, அவர் ஒப்புக்கொண்டு நடித்த படத்திலேயே இடம்பெற்றது. 1994-ல் மெக்ஸிகோவில் படப்பிடிப்பின்போது ஜான் கேண்டி இறந்த பின் மாற்று ஆளை வைத்து முடித்த 'வேகன்ஸ் ஈஸ்ட்' படமும் அப்படியே. அது ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

சம்மதமும் வெளிப்படைத்தன்மையும் சேர்ந்தால் ஒட்டை மறைக்கவே வேண்டாம் என்பதற்கு இந்தியாவில் சான்று உண்டு. 2020 ஏப்ரல் 30 அன்று ரிஷி கபூர் மறைந்தபோது பாதியில் நின்ற 'ஷர்மாஜி நம்கீன்' படத்தில், அதே பாத்திரத்தின் எஞ்சிய காட்சிகளில் பரேஷ் ராவல் நடித்தார். 2022-ல் வெளியான படத்தின் தொடக்கத்தில் மகன் ரன்பீர் கபூரே தோன்றி இதைச் சொல்லிவிடுகிறார். ஒரே மனிதர் காட்சிக்குக் காட்சி முகம் மாறுவதைப் பார்வையாளர் சற்று நேரத்தில் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் லண்டன் தீர்ப்பு காத்தது பதிவான நடிப்பை மட்டுமே. அதே 'ட்ரெயில்' படத்தில், உயிரோடிருந்தும் நோயால் பேச்சு தளர்ந்த டேவிட் நிவெனுக்கு ரிச் லிட்டில் என்ற குரல்மாற்றுக் கலைஞர் பேசினார். அத்தகைய போலிக்குரலுக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை. கணினி உருவாக்கும் நகலுருக்களை முன்வைத்து அமெரிக்க நடிகர் சங்கம் 2023-ல் வேலைநிறுத்தம் செய்தபோதும், இறந்தவரின் எண்ணிம நகலுக்கு வாரிசின் சம்மதம் தேவை என்று கலிபோர்னியா 2024-ல் சட்டம் இயற்றியபோதும் அந்த விடுபட்ட பகுதிதான் விவாதத்துக்கு வந்தது.